வசன அட்டையும் என் விண்ணப்பமும்

புத்தாண்டுக் காலை ஆராதனை முடிந்ததும் எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் சர்ச்சில் ஆளுக்கொரு பைபிள் வசன அட்டை எடுப்போம். அந்த வருடத்துக்குக் கர்த்தர் தரும் வாக்குத்தத்தம் அது. இந்த முறை எனக்குப் பொறுமையாகக் காத்திருக்கச் சொல்லும் வசனம் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா ஆரம்பித்தாள். "ஏட்டி, கர்த்தரே சொல்லிட்டாரு. டெல்லிக்குப் படிக்கப் போற பேச்சை விடு. ராஜபாளையம் மில் ஆபீஸ் வேலையிலயே இரு."

"இதே அட்டை எதிர்வீட்டு மாமாவுக்கும் வந்திருக்கு. அவிய நாளைக்குக் கடை திறக்க மாட்டாவளா?"

"வாயைப் பாரு."

"நானும் ஜெபம் பண்ணித்தாம்மா இந்தத் திட்டம் போட்டேன்."

அம்மா பார்த்துக்கொண்டிருக்கும்போதே நுழைவுத் தேர்வு விண்ணப்பத்தைப் போனில் நிரப்பி அனுப்பினேன். தேறாவிட்டால் அடுத்த வருடமும் எழுதுவேன். அதையும் கர்த்தரிடம் சொல்லிவிட்டேன்.