13 என்று எழுதியது யார்?

தை மாதக் கடைசியில் நான் ஜவ்வாது மலைக்குப் போனது ஓர் எண்ணின் மேல் வந்த சந்தேகத்தால். நானும் தோழி ஜெயந்தியும் இடைக்கால நிலதானக் கல்வெட்டுகளை இணையப் பதிப்பாக்கி வருகிறோம். வாசகத்தைத் தட்டச்சு செய்தால் மட்டும் போதாது. இது ஊர்ப்பெயர், இது நில அளவு, இது கல்வெட்டின் எண் என்று கணினிக்குப் புரியும்படி ஒவ்வொன்றுக்கும் குறிச்சொல் போடவேண்டும். ஒரு கல்லில் சிக்கிக்கொண்டோம். பழைய தொகுப்பு நூலில் அதன் எண் 31. அண்மையில் எடுத்த படத்திலோ கல்லின் மேல் சிவப்புப் பெயிண்டில் 13.

“யாரோ மாத்தி எழுதிட்டாங்க. 31 மட்டும் போடு. ஒரு கல்லுக்கு ஒரு நம்பர் போதும்” என்றாள் ஜெயந்தி.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. அங்கே இரண்டு கல் இருந்து, ஒன்றின் படத்தை இன்னொன்றின் வாசகத்தோடு ஒட்டிவிட்டோமென்றால்?

வேலூரில் காலை பஸ் ஏறி, கணியம்பாடி வழியாக அமிர்தி. ஏறக்குறைய 25 கிலோமீட்டர், ஒரு மணி நேரம். அதற்கு மேல் பஸ் அபூர்வம். ஜீப் ஓட்டுநர் சேகர் போய்வர 2,200 ரூபாய் கேட்டார். பாதி மலை ஏறியதும் வண்டியின் வேகத்தைக் குறைத்தார்.

“மெய்யாலுமே கல்லப் பாக்கத்தானா மேடம்? பொதையல் கிதையல்னு யாராச்சும் சொன்னாங்களா?”

இல்லை என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

கல் ஒரு சாமை நிலத்தின் ஓரத்தில், பாதையை ஒட்டி இருந்தது. முழுவதும் வைக்கோல் போட்டு மூடியிருந்தார்கள். நிலத்துக்காரர் குப்பம்மாள், நாற்பது வயது இருக்கும், அரிவாளோடு எதிரே வந்து நின்றார்.

“இன்னா, மறுபடியும் நம்பர் போட வந்தீங்களா?”

“இல்லீங்க, எழுத்தைப் படிக்க வந்தேன்.”

“போன தபா வந்தவங்களும் சும்மா பாக்கறோம்னுதான் சொன்னாங்க. பையத் தொறங்க.”

திறந்தேன். டார்ச், தண்ணீர் பாட்டில், நூலின் நகல். பெயிண்ட் இல்லை என்று உறுதியான பிறகே வைக்கோலை விலக்கினார்.

டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் படித்தேன். ஏரிக்கு நிலம் விட்ட செய்தி. வரிக்கு வரி நூலில் உள்ளபடியே. இது 31 தான். ஜெயந்தி சொன்னது சரிபோல என்று எழுந்தபோது, பாதையில் சற்று மேலே ஒரு பாறை கண்ணில் பட்டது. அதே சிவப்பில் 14. கீழே புங்க மரத்தில் 12. இரண்டிலும் ஓர் எழுத்துகூட இல்லை.

“ரோட்ட அகலம் பண்றாங்களாம்” என்றார் குப்பம்மாள். “நம்பர் போட்டதெல்லாம் எடுத்துடுவாங்கன்னு பேச்சு. எங்க வூட்டுக்காரர் கேட்டதுக்கு அதெல்லாம் ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டுப் போய்ட்டாங்க. நம்பர் தெரியலன்னா உட்டுடுவாங்கன்னுதான் மூடி வச்சேன்.”

எங்கள் பதிப்பில் 13 இல்லாவிட்டால், உடைக்கப்போகும் கல்லும் நூலில் உள்ள கல்லும் ஒன்றே என்று யாருக்குத் தெரியும்?

சிக்னல் கிடைத்த வளைவில் ஜீப்பை நிறுத்தி ஜெயந்தியை அழைத்து, பார்த்ததையெல்லாம் சொன்னேன்.

“அது கல்வெட்டு எண்ணே இல்லையே. அதுக்கு எதுக்குக் குறிச்சொல்?” என்றாள்.

“அது என்ன எண்ணுங்கறதையும் சேர்த்து எழுதுவோம். யார் போட்டது, எதுக்குப் போட்டதுன்னு.”

“சரி, அந்தப் பாறையையும் மரத்தையும் படம் எடுத்துட்டு வா” என்றாள்.

இப்போது எங்கள் பதிப்பில் ஒரு கல்லுக்கு எத்தனை எண் இருந்தாலும் ஒவ்வொன்றுக்கும் தனிக் குறிச்சொல். கூடவே அதன் வகை, கொடுத்தவர், எங்கே எழுதியிருக்கிறது என்ற விவரம். இரண்டு எண்ணையும் படங்களையும் இணைத்துச் சாலைப் பணி அலுவலகத்துக்கு எழுதினோம். பதில் வரவில்லை.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. ஜீப்பை அமிர்தியிலேயே பேசிக்கொள்ளுங்கள். சாப்பாடும் தண்ணீரும் கையில் இருக்கட்டும். நிலத்துக்காரரைக் கேட்காமல் கல்லைத் தொடாதீர்கள். எழுத்து தெரிய வேண்டுமென்று சாக்பீஸ் பூசாதீர்கள். எண் எதையாவது கண்டால் அக்கம்பக்கத்தையும் பார்த்துவிடுங்கள்.

போன வாரம் சேகர் ஒரு படம் அனுப்பினார். புங்க மரம் இல்லை, மேலே இருந்த பாறை இல்லை. கல் நிற்கிறது. 13-ஐக் கறுப்புப் பெயிண்டால் அடித்துவிட்டு, பக்கத்தில் வெள்ளையில் 7 என்று எழுதியிருக்கிறார்கள். காப்பாற்றவா, அடுத்த சுற்றில் எடுக்கவா என்று ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை. 7-க்கும் குறிச்சொல் போட்டுவிட்டேன். கொடுத்தவர் என்ற இடத்தில் ‘தெரியவில்லை’ என்று எழுதியிருக்கிறேன்.