பின்நவீனத்துவ வகுப்புக்கு மாமா வந்த கதை

2005இல் சிதம்பரத்தில் எம்.ஏ. சமூகவியல் படித்துக்கொண்டிருந்தேன். தினமும் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து பாசஞ்சர் ரயிலில் போய்வருவேன். அதிலேயே பாதி உயிர் போய்விடும். மீதி உயிரை வகுப்பில் நோட்ஸ் எழுதியே விடுவோம்.

அன்று பேராசிரியர் கல்வி பற்றிப் பின்நவீனத்துவம் என்ன சொல்கிறது என்று நடத்தினார். நடத்தினார் என்றால், சொல்லச் சொல்ல நாங்கள் எழுதினோம். "ஆசிரியர் சொல்வதே இறுதி உண்மை ஆகிவிடாது, கமா, மாணவர் அதைக் கேள்விக்கு உட்படுத்த வேண்டும், முற்றுப்புள்ளி. முக்கியமான பாயிண்ட். அடிக்கோடு போட்டுக்கோங்க."

எல்லாரும் ஸ்கேலைத் தேடினார்கள். என் வாய் சும்மா இருக்குமா?

"சார், இதையும் நீங்கதானே சொல்றீங்க? இத நம்பலாமா, வேணாமா?"

வகுப்பே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "வெளிய போ. வீட்டிலேர்ந்து பெரியவங்களக் கூட்டிட்டு வந்தாத்தான் இனிமே கிளாஸ்."

அப்போதுதான் அப்பா ஞாபகம் வந்தது. அப்பா வந்தால் கதை முடிந்தது. "படிச்சுக் கிழிச்சது போதும்" என்பார். என் ஜாதகம் ஏற்கெனவே நாலு நகல் எடுத்து பீரோவில் தயாராக இருந்தது. படிப்பை நிறுத்த அவருக்கு ஒரு சாக்குதான் பாக்கி.

ஆகவே காடாம்புலியூர் மாமாவைப் பிடித்தேன். அக்கா வீட்டுக்காரர். முந்திரி வியாபாரம். யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசத் தெரியாதவர்.

"மாமா, நீங்க ஒண்ணும் பேசவே வேணாம். சார் என்ன சொன்னாலும் தலைய மட்டும் ஆட்டுங்க."

"ஆட்டுறேன் பாப்பா. எனக்கு இன்னா தெரியும்?"

வெளுத்த வேட்டியில் ஆசிரியர்கள் அறைக்கு வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். நான் செய்த குற்றம் புரிய வேண்டுமென்றால் முதலில் பாடம் புரிய வேண்டுமே! பேராசிரியர் பாடத்தையே ஒருமுறை விளக்கினார். மாமா ஒழுங்காகத்தான் தலையை ஆட்டினார். திடீரென்று நிறுத்திவிட்டார். அடப்பாவி மனுஷா, கெடுத்தியே என்று எனக்குப் பகீரென்றது.

"சார், தப்பா நெனைக்காதீங்க. வாத்தியார் சொல்றத கேள்வி கேக்கணும்னு நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க?"

"ஆமா."

"இது கேட்டுது."

"ஆமா, கேட்டா..."

"மத்த புள்ளைங்கல்லாம்?"

"அவங்க அமைதியா எழுதிக்கிட்டாங்க."

மாமாவின் முகம் நிஜமாகவே வாடிப்போனது. "ஐயய்யோ! அப்ப அவுங்களுக்குல்லாம் பாடம் புரியலியா சார்?"

பக்கத்து மேசையில் பேப்பர் திருத்திக்கொண்டிருந்த மேடம் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார். நான் தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிரித்திருந்தால் தொலைந்தேன்.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி மாட்டினார். வகுப்புக்கான அனுமதிச் சீட்டு ஒன்றை இழுத்துக் கையெழுத்துப் போட்டு என் பக்கம் தள்ளினார்.

"நாளைக்குக் கிளாஸுக்கு வா. என்ன வேணாலும் கேளு," என்றார். "உங்க மாமாவ மட்டும் இனிமே கூட்டிட்டு வராத."