வாடை இல்லாத கடற்கரை

என் பெற்றோருக்குக் கல்யாணமாகி ஐம்பது வருஷம் நிறைந்த தை மாதத்தில், அவர்கள் ஒருவரோடொருவர் பேசி எட்டு மாதம் ஆகியிருந்தது.

காரணம் ஒரு குழம்பு. என் மகளுக்குக் கோயிலில் முதல் தடவையாகப் புதுநன்மை கொடுத்த அன்று வீடு நிறைய ஜனம். நைனா, அம்மா வைத்த வஞ்சிரக் குழம்பை ஒரு வாய் போட்டுக்கொண்டு, "ரயில்வே கோட்ரஸ் கொளம்பு. மீனு வந்து மூஞ்சி கழுவிகினு பூட்ச்சி" என்றார். பந்தி சிரித்தது. நானும் சிரித்தேன், மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே. அம்மா பெரம்பூர் ரயில்வே கார்டு ஒருவரின் மகள். நைனா கல்மண்டபத்துக் கட்டுமரக்காரர் மகன். துறைமுகத்து இழுவைப் படகில் சுக்கான் பிடித்தே வேலையை முடித்துக்கொண்டு வீட்டோடு வந்து உட்கார்ந்தவர். அம்மா கரண்டியைத் தரையில் வைத்தாள். அத்தோடு பேச்சு நின்றது.

பேச்சு நின்றதே தவிர, திட்டு நிற்கவில்லை. அது என் வழியாகப் போய்வந்தது. இரண்டு முழ தூரத்தில் உட்கார்ந்திருக்கும் மனிதரைப் பற்றி அம்மா, "உங்க நைனாவ துன்ன வரச் சொல்லு" என்பாள். அவர் கூரையைப் பார்த்தபடி, "பசிக்கலன்னு சொல்லு, வெசம் வச்சிகீறாளோன்னு பயமா கீதுன்னு சொல்லு" என்பார். நான் திரும்பி அம்மாவிடம், "அப்புறமா சாப்பிடறாராம்" என்பேன். துறைமுக ஆபீசில் எனக்குக் குமாஸ்தா உத்தியோகம். வருகிற கடுதாசியைப் படித்து, கசப்பைக் களைந்து, சொந்த வார்த்தையில் சுருக்கி மேலே அனுப்புவதுதான் பிழைப்பு. வீட்டிலும் அதையே செய்தேன். என்னை ஒரு ராஜதந்திரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பங்குச் சாமியார்தான் கெடுத்தார். பொன்விழாப் பூசைக்கு நாள் கேட்கப் போனபோது, "பூசை முடிந்ததும் இரண்டு பேரையும் எங்காவது கடலோரமாக மூன்று நாள் கூட்டிக்கொண்டு போய் வையப்பா. தனியாக இருந்தால் பேசுவார்கள்" என்றார். கடல் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். அந்தக் கடலும் அதன் மேல் வந்து படியும் துறைமுகத்துக் கரித்தூளும் ஐம்பது வருஷம் சேர்த்து வைக்காத நல்லெண்ணத்தை, இன்னொரு கடல் மூன்று நாளில் எப்படிச் சேர்க்கும் என்று நான் கேட்கவில்லை. சாமியாரிடம் யார் கேட்பது?

அம்மா ஒரு நிபந்தனையோடுதான் ஒத்துக்கொண்டாள்.

"பூசைக்கு வரேன். ஊரு பாக்க பக்கத்துல நிக்கிறேன். நீ சொல்ற கடலாண்டையும் வந்து குந்திகினு பாக்குறேன். அந்த மன்சன் மூணு நாளுல என் மூஞ்சியப் பாத்து ஒரு வார்த்த பேசலன்னா, அங்கிருந்தே பொண்ணு வூட்டுக்குப் பூடுவேன். பொறகு இந்த வூட்டு வாசல மிதிக்க மாட்டேன்."

பெண் வீடு என்றால் பெரம்பூரில் என் தங்கை வீடு. அதாவது மருமகன் வீடு. ஒரே ஆண்பிள்ளை நான் உயிரோடு இருக்கும்போது அம்மா மருமகன் சோற்றுக்குப் போனால் எங்கள் தெரு என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியும். அதே மாதிரி இன்னொருவனைப் பற்றி நானே சொல்லியிருக்கிறேன், கைதட்டலும் வாங்கியிருக்கிறேன். அம்மா போய்விடுவாள் என்ற வருத்தத்தைவிடத் தெருவின் வாய்தான் என்னை அதிகம் ஆட்டியது என்பதை மறைப்பதில் அர்த்தமில்லை.

"எங்க போலாம்னு சொல்லும்மா" என்று கேட்டேன்.

"எங்க வேணா பாரு. எனக்கு வாடை ஆவாது. வாடை இல்லாத எடமாப் பாரு."

இதை நைனாவிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும்போது, வழக்கம்போல் என் சொந்த வார்த்தையில் சேர்த்தேன்.

"அம்மாவுக்கு மீன் நாத்தம் ஆவாதாம் நைனா. குப்பம் இல்லாத எடமாப் பாக்கணுமாம்."

நைனா பீடியைச் சுவரில் தேய்த்து அணைத்தார்.

"இன்னா, மீனு நாறுதாமா? எங்க ஆத்தா கையில மீனு அரியக் கத்துகினவளுக்கு அம்பது வருசம் கழிச்சி நாறுதா? கடலுக்குச் செண்டு அடிச்சி வைக்கச் சொல்லி தொரைக்குக் கடுதாசி எழுதச் சொல்லு."

நான் அம்மாவிடம் திரும்பி, "நைனாவுக்குச் சம்மதமாம்" என்றேன்.

அதற்குப் பிறகு மூன்று ஞாயிறு நான் செய்ததை எந்தப் பைத்தியக்காரனும் செய்யமாட்டான். கடற்கரை கடற்கரையாகப் போய் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றேன். கோவளத்தில் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது. திருவொற்றியூரில் மீன் வாசனை கம்மிதான், ஆனால் மணலில் காலை வைத்த இடத்தில் வேறு வாசனை இருந்தது. காசிமேட்டுக்குப் பக்கத்தில் போக வேண்டிய தேவையே இல்லை. பயத்தில் அங்கும் போனேன். கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வந்த ஒரு அம்மாள் என்னைப் பார்த்து நின்றாள்.

"இன்னா நைனா, நாயாட்டம் மோப்பம் புட்ச்சிகினு கீறே? எதுனா துட்டு கிட்டு புதைச்சி வச்சியா?"

"மீன் நாத்தம் அடிக்காத கடல் தேடறேம்மா."

"ஆஸ்பத்திரிக்குப் போ. மூக்க எட்த்துருவாங்கோ."

கடைசியில் எங்கள் தலைமைக் குமாஸ்தா காப்பாற்றினார். எண்ணூரில், முகத்துவாரத்துக்கு இந்தப் பக்கம், யாரோ வெள்ளைக்கார மானேஜர் காற்று வாங்கக் கட்டிய பங்களா ஒன்று இருந்தது. அவன் கப்பலேறிப் போய்விட்டான். காவல்காரன் தலைமைக் குமாஸ்தாவுக்குத் தெரிந்தவன். போய் நின்று இழுத்து இழுத்து மோந்தேன். குப்பம் தெற்கே தள்ளி இருந்தது. ஒரு சென்னாகுனிக் கருவாட்டு வாசனைகூட இல்லை. ஆள் நிற்க முடியாத அளவுக்குக் காற்று மட்டும் வடக்கேயிருந்து அடித்துக்கொண்டிருந்தது. நாற்றத்தை எல்லாம் இந்தக் காற்று தெற்கே தள்ளிவிடுகிறது என்று புரிந்ததும், என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். சட்டைக் காலரைத் தூக்கிக் காதை மூடிக்கொண்டுதான் மெச்சினேன். அப்போதும் உறைக்கவில்லை.

பூசை நடந்தது. அறுபது பேர் பார்க்க இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள், டிராமுக்குக் காத்திருக்கிறவர்கள் மாதிரி. மத்தியானம் மூவரும் ரயிலேறினோம். ஆளுக்கொரு ஜன்னல். எண்ணூரில் இறங்கி ஜட்கா பிடித்தோம். வண்டிக்காரன், "பெரியவங்க வூட்ல விசேஷமா?" என்று கேட்டான். அம்மா இடப்பக்கம் பார்த்தாள், நைனா வலப்பக்கம் பார்த்தார்.

பங்களா வராந்தாவில் இரண்டு பிரம்பு நாற்காலியை வடக்கே பார்த்துப் போட்டு வைத்திருந்தேன், முகத்துவாரம் தெரிகிற மாதிரி. அம்மா உட்கார்ந்தாள். முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்தாள். கால் மணி நேரத்தில் இருமினாள். அரை மணி நேரத்தில் அவள் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவது வராந்தாவின் அந்தக் கோடிவரை கேட்டது.

"சொன்னேனேடா" என்றாள், மூச்சு வாங்கிக்கொண்டே. "வாடை ஆவாது எனக்குன்னு தலைதலையா அடிச்சிகினேனே."

"நாத்தமே இல்லையேம்மா. நான் மூணு தபா மோந்து பாத்தேன்."

அம்மா என்னைப் பார்த்த பார்வையில், இத்தனை வருஷம் எனக்குப் போட்ட சோற்றுக்கெல்லாம் வருத்தம் இருந்தது. அதற்குள் நைனா எழுந்துவிட்டார். எட்டு மாதத்தில் முதல் தடவையாக அவர் கழுத்து அவள் பக்கம் திரும்பியது.

"வாடையா? நீ இவன்கிட்ட இன்னா சொன்னே?"

"வாடை இல்லாத எடமாப் பாருன்னேன். தை மாசம் வாடை அட்ச்சா எனக்கு இழுப்பு வரும்னு ஒனக்குத் தெரியாதா?"

"இவன் என்கிட்ட வந்து ஒனக்கு மீனு நாறுதுன்னான்."

"நான் ஏன் அப்டி சொல்லப் போறேன்?"

"அதான் நானும் கேக்குறேன். வடக்கேருந்து வர்றது வாடை, தெக்கேருந்து வர்றது தென்றல்னு கண்ணாலம் ஆன புதுசுல ஒனக்குச் சொல்லிக் குட்த்ததே நானு."

"ரொம்ப நல்லா சொல்லிக் குட்த்தே. மூஞ்சியக் காட்டிகினு நில்லு, தெரியும்னு கரையில நிக்க வச்சே. அன்னிக்கு வந்த இழுப்புதான் இது."

இருவரும் சேர்ந்து என் பக்கம் திரும்பினார்கள். இங்கிலீஷ் படித்து, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, வாடை என்றால் நாற்றம் என்று மட்டுமே புரிந்துகொள்ளும் ஒரு பிள்ளையை எந்த வேளையில் பெற்றோம் என்று அவர்கள் வாய்விட்டு ஆராய்ந்தார்கள். நைனா ஆரம்பித்த வாக்கியத்தை அம்மா முடித்தாள். அம்மாவுக்கு மூச்சு வாங்கிய இடத்தில் நைனா எடுத்துக்கொண்டார். எட்டு மாதத்தில் நான் இனிக்க இனிக்க மாற்றி விநியோகித்த கடுதாசிகள் ஒவ்வொன்றும் வெளியே வந்தன.

"வெசம்னு நான் சொன்னத இவன் சொல்லவே இல்லியா?"

"அப்புறமா துன்றேன்னு சொன்னதாத்தான் சொன்னான். வெசம்னு சொன்னியா நீ?"

"சொன்னேன்."

"அன்னிக்கே தெரிஞ்சிருந்தா அன்னிக்கே வாங்கு வாங்குன்னு வாங்கிருப்பேன். அன்னிக்கே முடிஞ்சிருக்கும்."

அதுதான் எனக்கு உள்ளே போய்த் தைத்தது. "அதான் பேசிட்டீங்களே, இப்போ வூட்டுக்குப் போலாமா?" என்றேன். சிரிக்கவும் சிரித்தேன். அது என் வியாதி.

"வூடா?" என்றாள் அம்மா. "நான் பொண்ணு வூட்டுக்குத்தான் போறேன்."

"நைனா பேசினா வரேன்னு சொன்னியேம்மா."

"அந்த மன்சன் மேல இப்போ கோவம் கெடையாது. ஒன் மூஞ்சிதான் ஆவல."

நைனா துண்டை உதறி அவள் காதைச் சுற்றிக் கட்டினார். "நானும் வரேன், எய்ந்துரு" என்றார்.

"கய்த்த நெரிக்காத" என்றாள் அவள். முடிச்சை அவிழ்க்கவில்லை.

அடுத்த ரயிலில் மூவரும் ஏறினோம். கொருக்குப்பேட்டையில் அவர்கள் பெரம்பூருக்கு வண்டி மாற இறங்கினார்கள். நானும் எழுந்தேன். நைனா கம்பார்ட்மெண்டு கதவைச் சாத்திவிட்டு, "நீ குந்து" என்றார்.

அம்மா ஒருத்தியைத் துரத்தியவன் என்று பெயர் வந்துவிடுமோ என்று நடுங்கியவன், பொன்விழா அன்றே இருவரையும் மருமகன் வீட்டுக்கு அனுப்பியவனாக எங்கள் ராயபுரத்தில் இறங்கினேன். என் மனைவி வாசலில் நின்றிருந்தாள். எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். நடந்ததைச் சொன்னேன். சொந்த வார்த்தை ஒன்றும் சேர்க்கவில்லை.

"ரெண்டு பேரையுமா?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் காலை, தெரு முழுக்கக் கூடிப் பேசும் குழாயடிக்கு அவள் குடம் எடுத்துப் போகவில்லை. என்னைப் போகச் சொன்னாள்.