பல்லுக்காரிக்கு ஒரு சிபாரிசு

ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டு பொய்ப்பற்களைத் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, எதில் மஞ்சள் கூடுதல் என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். நமக்கு இரண்டும் ஒன்றுதான். அவளுக்கு அப்படியில்லை. "இது காப்பி குடிக்கிறவர் பல்லு. இது குடிக்காதவர் பல்லு" என்பாள். வாய்க்குச் சொந்தக்காரர் யாரையும் அவள் பார்த்தது கிடையாது. பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சும் அதோடு ஒரு துண்டுச் சீட்டும்தான் கைக்கு வரும். அதை வைத்தே ஆளின் வயசு, தொழில், பிடிவாதம் வரைக்கும் சொல்லிவிடுவாள். சரிதானா என்று யாரும் இதுவரை போய் விசாரித்ததில்லை. ஆகவே அவள் சொன்னது அத்தனையும் சரி.

தெருவில் அவளுக்குப் பல்லுக்காரி என்று பெயர். மாடியில் இரண்டு அறை கொண்ட பல்செட் பட்டறையில் பத்து வருஷமாக வேலை. மெழுகில் ஈறு செய்து அதில் பல்லை வரிசையாகப் பதிப்பது அவள் பங்கு. பிளாஸ்டர் குழைத்து அச்சு வார்ப்பது முதலாளியின் பங்கு. அவரை அண்ணே என்பாள்; அவரும் தங்கச்சி என்பதைத் தவிர வேறு எப்படியும் அவளை அழைத்ததில்லை. மெழுகு உருக்கும் விளக்கும் மேசை விசிறியும் ஒரே மேசையில் இருப்பதால் விசிறி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதுதான் இருவருக்கும் நடுவே இருந்த ஒரே தகராறு.

மனிதர்கள் விஷயத்தில் அவளிடம் ஒரு கோளாறு உண்டு. முகம் மனதில் தங்காது, பல் தங்கும். பக்கத்து வீட்டுக்காரர் வாயை மூடிக்கொண்டு எதிரே வந்தால் யாரோ என்று தாண்டிப் போய்விடுவாள். அவர் சிரித்துவிட்டால் போதும், நின்று வீட்டில் எல்லோரையும் நலம் விசாரிப்பாள். கணவரைக்கூட முன்பல்லில் இருக்கும் ஒரு சின்ன உடைசலுக்காகத்தான் பிடித்ததாம். "எல்லாம் சரியா இருக்கிற வாயில நமக்கு என்ன வேலை இருக்கு?" என்று கேட்பாள்.

இப்போது அவளுக்கு ஏழாவது மாதம். மேசைக்கும் அவளுக்கும் நடுவே வயிறு வந்து உட்கார்ந்துகொண்டதால் ஒருக்களித்து அமர்ந்து வேலை செய்கிறாள். "உள்ள இருக்கிறதுக்கு இன்னும் பல்லு முளைக்கல. பொறாமையில என்னைப் பக்கத்துல விடமாட்டேங்குது" என்று பழியை அதன்மேல் போட்டுவிடுவாள்.

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்று சொல்லி வைத்தவர்கள், வயிற்றுப் பிள்ளையோடு போய் வீட்டுக் கடன் கேட்டுப் பார் என்று சேர்த்துச் சொல்ல மறந்துவிட்டார்கள். கணவர் சின்ன வேன் ஓட்டுகிறவர். சவாரி கிடைத்த அன்று வரவு, கிடைக்காத அன்று இல்லை. எதற்கும் எழுத்தில் ஆதாரம் கிடையாது. வங்கியின் கண்ணுக்கு அந்தக் குடும்பத்தில் சம்பாதிக்கிற ஆள் பல்லுக்காரி ஒருத்திதான். அடுப்பும் படுக்கையும் முட்டிக்கொள்ளும் ஒற்றை அறையை விட்டு ஒரு சின்ன ஃபிளாட்டுக்குப் போவதற்காக, கையில் இருந்ததையெல்லாம் முன்பணமாகக் கொடுத்துவிட்டார்கள். கடன் வராவிட்டால் அதுவும் திரும்பி வராது. தெரிந்தேதான் கொடுத்தார்கள். தொட்டிலுக்கு எந்த மூலை என்பது வரைக்கும் அவள் பார்த்து வைத்தாயிற்று.

வங்கிக்குப் போகும்போது பெரிய பை ஒன்றை வயிற்றுக்கு முன்னால் பிடித்துக்கொள்ளச் சொன்னார் கணவர். "பிறந்த பிறகு பைக்குள்ள போட்டுக்கிட்டா போறது?" என்று அவள் கேட்டாள். கேட்டாளே தவிர, அன்று காலையில் பையை எடுத்துக்கொண்டுதான் போனாள். அவருக்குச் சவாரி இருந்ததால் தனியாகப் போனாள்.

கடன் பிரிவில் இருந்த பெண் அதிகாரிக்குத் தெத்துப்பல். அதைப் பார்த்ததும் பல்லுக்காரிக்கு உயிர் வந்தது. தெத்துப்பல் உள்ளவர்கள் கெடுதல் செய்ய மாட்டார்கள் என்பது அவளுடைய பல் சாஸ்திரம். அந்த அதிகாரியும் நல்லவர்தான். பையைக் கீழே வைத்துவிட்டு வசதியாக உட்காரச் சொன்னார். குழந்தை பிறக்கப்போகிறது என்பதற்காகக் கடனை யாரும் நிறுத்த மாட்டார்கள் என்றும், பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பினால் போதும் என்றும் அவராகவே சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஆனா நீங்க வேலையை விடறீங்களே மேடம்."

வேறு யாரையோ சொல்கிறார் என்று நினைத்து, பல்லுக்காரி தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்தாள். பின்னால் சுவர்தான் இருந்தது.

"யாரு, நானா?"

"உங்க வேலையை உறுதிப்படுத்திக்க ஃபோன் பண்ணினோம். முதலாளிதான் பேசினார். தங்கச்சி பிரசவத்தோட நின்னுடும், அப்புறம் சம்பளம் ஏது, பாவம், சொந்தமா ஒரு கூரையாவது இருக்கட்டும், சீக்கிரம் குடுத்துடுங்கன்னு அவ்வளவு கெஞ்சினார். உங்க மேல ரொம்பப் பாசம் அவருக்கு."

அவளுக்குக் காது அடைத்துக்கொண்டது. அதிகாரியின் வாய் அசைவது தெரிந்தது, பேச்சு வந்து சேரவில்லை. தன் வேலை போய்விட்ட சேதி தனக்குத் தெரிவதற்கு முன்னால் வங்கிக்குத் தெரிந்திருக்கிறது. அதுவும் அண்ணன் வாயால். பிரசவத்துக்கு மூன்று மாதம் விடுப்பு வேண்டும் என்று அவள் கேட்ட அன்று, "முதல்ல உடம்பைப் பாத்துக்கோ தங்கச்சி" என்று சொல்லி விசிறியைத் தானாகவே அவள் பக்கம் திருப்பி வைத்தவர் அவர். விடுப்பு கொடுத்துவிட்டார் என்று அவள் நம்பினாள். அவர் மனதுக்குள் வழியனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிவது உலகத்தில் உள்ளதுதான். ஆனால் அந்தக் குரங்கு தன் மடியிலேயே வந்து உட்காரும் என்று யார் நினைப்பார்கள்? திட்டிக் கெடுத்தவனைத் திருப்பித் திட்டலாம். பரிந்து பேசிக் குடியைக் கெடுத்தவரை என்ன செய்வது?

விண்ணப்பம் சாயங்காலம் மேலிடத்துக்குப் போய்விடும், அதற்குள் முதலாளியே பேசி வேலை இருக்கிறது என்று உறுதி சொன்னால் மாற்றி எழுதிக்கொள்வதாக அதிகாரி இரண்டு தடவை சொன்னார். இரண்டாம் தடவைதான் அவளுக்குக் கேட்டது. அவருடைய ஃபோன் எண்ணை வாங்கிக்கொண்டு எழுந்தாள். மறந்துவிட்ட பையை அதிகாரிதான் எடுத்துக் கையில் கொடுத்தார். தெருவில் யாரோ பல் முழுக்கத் தெரியச் சிரித்து நலம் கேட்டார்கள். யாரென்று தெரியாமலேயே தாண்டி வந்துவிட்டாள்.

மாடிப்படி ஏறி வந்தபோது முதலாளி முழங்கை வரைக்கும் பிளாஸ்டரோடு கிண்ணத்தில் குழைத்துக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் முகமெல்லாம் பூரிப்பு. வங்கியிலிருந்து கூப்பிட்டதையும், தான் பேசிய பேச்சில் அந்தம்மா மனசு இளகிப்போனதையும் ஏற்ற இறக்கத்தோடு சொன்னார். கடன் கைக்கு வந்த மாதிரிதான் என்றார். நன்றிக்காகக் காத்திருக்கிற முகம்.

"நான் வேலையை விடறேன்னு எப்பண்ணே சொன்னேன்?"

"இதை வேற சொல்லணுமா? எங்க வீட்டுல என் பொண்டாட்டி வேலையை விட்டு நின்னுட்டா, என் கூடப்பிறந்த தங்கச்சியும் நின்னுட்டா. கைக்குழந்தையை வெச்சுக்கிட்டு எவ வேலைக்கு வருவா? உன்னைக் கஷ்டப்படுத்தக் கூடாதுன்னுதான் நானே முந்திக்கிட்டேன்."

"என்கிட்ட கேட்டீங்களா?"

அவர் கேட்கவில்லை. கேட்க வேண்டிய விஷயம் என்றே அவருக்குத் தோன்றியிருக்கவில்லை. இந்தப் பத்து வருஷத்தில் ஒரு கடைவாய்ப் பல்லின் நிறத்தைக்கூட அவளைக் கேட்காமல் முடிவு செய்யாத மனுஷன்.

வங்கியில் நடந்ததை அவள் ஒன்றுவிடாமல் சொன்னாள். கடன், முன்பணம், ஃபிளாட் எல்லாம் அவருடைய அந்த ஒரு வார்த்தையில் தொங்குகிறது என்று சொன்னாள். குரல் உயரவில்லை, உயர்த்தத் தெம்பு இல்லை. கேட்கக் கேட்க அவர் முகம் வெளுத்துக்கொண்டே போனது. குழைத்த பிளாஸ்டர் கிண்ணத்தில் இறுகிக்கொண்டிருப்பதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

"நல்லதுன்னு நினைச்சுத்தானே தங்கச்சி சொன்னேன்."

"தெரியும்ணே. அதனாலதான் திட்டக்கூட முடியல."

கையைக் கழுவிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று அவர் எழுந்தார். அவள் வழிவிடவில்லை. வயிறு இடிக்க எட்டி அவர் சட்டைப் பையிலிருந்து ஃபோனை எடுத்தாள். வங்கி அதிகாரியின் எண்ணை அழுத்தினாள். வெள்ளைக் கைகள் இரண்டையும் அந்தரத்தில் ஏந்திக்கொண்டு அவர் நின்றார். மறுமுனையில் மணி அடிக்கத் தொடங்கியது.

"நிஜமாவே திரும்பி வருவியாம்மா?" என்று மெல்லக் கேட்டார்.

அவள் ஃபோனை அவர் காதோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.