கனடா வீட்டுத் திறப்பு

என் வீட்டு முன்கதவுக்குப் பின்னால் ஓர் ஆணி இருக்கிறது. சில மாதங்களுக்கு முன்வரை அதில் ஒன்பது திறப்புக் கோர்வைகள், சாவிக் கொத்துகள், தொங்கின. ஒன்றும் என்னுடையதல்ல.

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலைப் பார்த்து இறங்கும் ஒழுங்கை ஒன்றில்தான் எங்கள் தொடர்மாடி. கீழே கார்கள், மேலே எட்டு மாடி, மாடிக்கு இரண்டு வீடு. அந்தப் பதினாறில் ஒன்பது வீடுகளில் ஆள் இல்லை. விற்கவும் இல்லை, வாடகைக்கு விடவும் இல்லை. வாங்கினார்கள், பால் காய்ச்சினார்கள், பூட்டினார்கள், போனார்கள்.

கதவில் இலக்கம் இருந்தாலும் நாங்கள் யாரும் இலக்கம் சொல்வதில்லை. முதலாம் மாடியில் இருப்பது கனடா வீடு. மூன்றாம் மாடியில் சுவிஸ். ஐந்தாம் மாடியில் இரண்டுமே லண்டன். வெள்ளிக்கிழமை காலையில் படிகளில் எதிர்ப்படுகிறவர்கள் எங்கே போகிறீர்கள் என்று கேட்டால், "சுவிசிலை தண்ணி திறந்து விட்டிட்டு, லண்டனுக்கு ஏறி யன்னல் துடைச்சு, கனடாவிலை விளக்கு வைச்சிட்டு வாறன்" என்பேன். முதல் வருடம் எல்லோரும் சிரித்தார்கள். இப்போது யாருக்கும் சிரிப்பு வருவதில்லை. சொல்கிற எனக்கும் மூச்சு வாங்குகிறது.

பூட்டின வீட்டுக்கு வேலை இல்லை என்று நினைக்கக்கூடாது. கடல் உப்பு ஒரு கிழமைக்குள் யன்னல் கண்ணாடியை வெள்ளையாக்கிவிடும். பூட்டுக்குள் துரு ஏறும். குழாயைத் திறந்து விடாவிட்டால் குளியலறைக் கழிவுநீர்த் துவாரம் காய்ந்து, கீழே இருக்கிற மணமெல்லாம் மேலே வரும். குடியில்லா வீட்டில் குண்டுப் பெருச்சாளி உலாவும் என்பார்கள். எங்கள் தொடர்மாடியில் உலாவுகிற பெருச்சாளி நான்தான்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். மிச்சப் படிப்பெல்லாம் ஆட்களின் வாயிலிருந்து பொறுக்கினது. அப்படிப் பொறுக்கினதில் என் மனிசன் உயிரோடு இருந்தபோது சொன்ன ஒன்று உண்டு. முதல் திறப்பை, அது சுவிஸ் வீட்டுடையது, நான் வாங்கிக் கொழுவிய அன்று அவர் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல் சொன்னார்: "திறப்பைத் தந்தவன் வீட்டைத் தரேல்லை, நினைவிருக்கட்டும்." அதனால் நான் எந்தப் பூட்டின வீட்டிலும் உட்கார்ந்ததில்லை. தாகத்துக்குத் தண்ணீர்ப் போத்தலும் என் வீட்டிலிருந்துதான் கொண்டு போவேன். தேனெடுத்தவன் புறங்கையை நக்குவான் என்று யாரும் என்னைப் பார்த்துச் சொல்லக்கூடாது.

வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு வெள்ளவத்தை பணக்கார ஊர். பொய்யில்லை. கலியாண மாதங்களில் நகைக்கடை வாசலில் கார் நிறுத்த இடம் கிடைக்காது. புடைவைக்கடைக்குள் போனால், ஒரு சேலையைத் தொலைபேசியில் காட்டி மெல்பேர்னில் இருக்கிற பெண்ணிடம் நிறம் சரியா என்று கேட்டுக்கொண்டு நிற்பார்கள். நான் பாமன்கடையில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்த காலத்தில் இந்த ஒழுங்கையால் நடந்து போகவே கூச்சமாக இருக்கும். இப்போது இங்கேயே இருக்கிறேன், கூச்சம் போய்விட்டது. களைப்புத்தான் இருக்கிறது. எங்கள் படிகளைக் கழுவ ஜிந்துப்பிட்டியிலிருந்து பஸ் ஏறி வருகிற பெண் ஒருநாள் வாளியை வைத்துவிட்டு ஒரு கணக்குச் சொன்னாள்: "எங்க லேன்ல ஒரு ரூம்ல பத்துப் பேரு. இங்க பத்து ரூம்ல ஒரு ஆளு இல்ல. கடவுளுக்குப் பங்கு போடத் தெரியலக்கா." அவள் சொன்னதில் பிழை பிடிக்க இடமில்லை.

இனி அந்தக் கனடா வீட்டின் கதை.

ஆறாம் மாடியில் ஒரு வயதான சோடி இருக்கிறார்கள். கணவர் புகையிரத நிலைய அதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் அவர் ஸ்டேஷன் மாஸ்டர்தான், எனக்கு அண்ணை. மனைவியை நான் அக்கா என்பேன். ஒரே மகன் நோர்வேயில். அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை நடந்தது. அதற்குப் பத்து நாள் முன்பே எங்கள் லிஃப்ட் நின்று போயிருந்தது. சிங்கப்பூரிலிருந்து ஒரு சாமான் வரவேண்டுமாம். திருத்துகிறவர் ஒவ்வொரு முறையும் வந்து பார்த்துவிட்டு, "தவ சதியக், நோனா" என்பார். சிங்களத்தில் இன்னும் ஒரு கிழமை. அந்த ஒரு கிழமை முடிகிற பாடில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை அண்ணை என் கதவைத் தட்டினார்.

"தங்கச்சி, வியாழக்கிழமை அக்காவுக்குத் துண்டு வெட்டி வீட்டை விடுகினமாம்."

"நல்ல விசயம் தானே அண்ணை."

"நல்ல விசயம் தான். வீடுதான் ஆறாம் மாடியிலை கிடக்கு."

டாக்டர் சொன்னதை அவர் அப்படியே சொன்னார். ஒவ்வொரு நாளும் நடக்கவேண்டும். கிழமைக்கு மூன்று நாள் வெளியே கொண்டுபோய்ப் பயிற்சி கொடுக்கவேண்டும். முதல் மாதம் நடக்காமல் படுத்தால், பிறகு எழும்புவது கடினம். ஆறாம் மாடியிலிருந்து கிழமைக்கு மூன்று தரம் யார் தூக்கி இறக்குவது? என் வீட்டில் வைத்திருக்கலாம் என்றால் அதுவும் நாலாம் மாடி.

அண்ணை எதுவும் கேட்கவில்லை. கதவுக்குப் பின்னால் இருந்த ஆணியைப் பார்த்தார். பிறகு, "தேத்தண்ணி வேண்டாம் பிள்ளை, வாறன்" என்று படிகளில் ஏறத் தொடங்கினார். ஒரு மாடிக்கு ஒரு தரம் நின்று நின்று ஏறுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

அடுத்த நாள் காலையில் கனடாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். அங்கே பின்னேரம். வீட்டுக்காரி சமைத்துக்கொண்டே கதைத்தாள். விசயத்தைச் சொன்னேன். கரண்டிச் சத்தம் நின்றது.

"அக்கா, நீங்கள் கேட்டதிலை பிழையில்லை. அந்த அன்ரியை எனக்கும் விருப்பம். ஆனா நாங்களே இன்னும் ஒரு இரவு ஒழுங்காப் படுக்காத வீடு."

"தெரியும் பிள்ளை."

"மகளின்ரை கலியாணத்துக்கு வந்துதான் அதிலை முதல் முதல் இருக்கிறது எண்டு வைச்சிருக்கிறம். அன்ரி வருத்தக்காரி. சொல்லக்கூடாது, ஏதும் ஒண்டு நடந்திட்டா?"

"முறிஞ்சது இடுப்பெலும்பு பிள்ளை. மூச்சு நல்லாத்தான் இருக்கு."

அவளுக்கும் சிரிப்பு வந்தது. ஆனாலும், "இவரோடை கதைச்சுப்போட்டுச் சொல்லுறன் அக்கா" என்று வைத்துவிட்டாள். நானறிய எங்கள் ஆட்களில் அப்படிச் சொன்னவர்கள் யாரும் திரும்ப எடுத்ததில்லை.

அவளை நான் குறை சொல்லமாட்டேன். இரண்டு வேலை செய்து, விடியற்காலையில் பனிக்குள் பஸ்ஸுக்கு நின்று வாங்கின வீடு. வீட்டைக் கட்டிப் பார், கலியாணம் பண்ணிப் பார் என்பார்கள். இரண்டையும் ஒன்றாக நினைத்து வாங்கி வைத்தவளுக்குப் பயம் வராமல் என்ன செய்யும்? புதன்கிழமை முழுக்கத் தொலைபேசியை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சொல்லும் வரவில்லை.

வியாழக்கிழமை பத்து மணிக்கு ஆஸ்பத்திரி வான் வந்தது. அக்காவைச் சக்கர நாற்காலியில் இறக்கி லிஃப்டுக்கு முன்னால் வைத்தார்கள். லிஃப்ட் கதவில் பழுது என்று மூன்று மொழியிலும் ஒட்டியிருந்தது. வாசல் காவலாளியும் வான் சாரதியும் கையை உரசிக்கொண்டு நின்றார்கள்.

அக்கா நிமிர்ந்து படிகளைப் பார்த்தார். "ஆறு மாடிக்கு என்னைத் தூக்கிக்கொண்டு போகப் போறியளோ? நான் என்ன தேரிலை வாற சாமியே?"

அண்ணை சொன்னார்: "சாமியை எண்டா திரும்ப இறக்கிக் கொண்டுவருவினம். உன்னை ஏத்தினா ஏத்தினதுதான்."

பகிடியாகத்தான் தொடங்கினார். முடிக்கும்போது குரல் மாறிவிட்டது. அக்கா பிறகு வாய் திறக்கவில்லை. அவர் பேசாமல் இருந்ததை நான் அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

முதலாம் மாடியில், கனடா வீட்டுக்கு எதிரே இருக்கிற முஸ்லிம் குடும்பத்துப் பெண் சூப்புப் போத்தலோடு இறங்கி வந்தாள். என்னைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள். "அக்கா, தொறப்பு உங்கட கையிலதானே ஈக்கி. தொறங்க. ஆரும் கேட்டா நான் சொன்னதுன்னு சொல்லுங்க."

திறப்பு உண்மையில் என் கையில்தான் இருந்தது. காலையில் முகம் கழுவிய உடனேயே ஆணியிலிருந்து எடுத்திருந்தேன். ஏன் எடுக்கிறேன் என்று எனக்கே நான் சொல்லவில்லை.

"ஒரு மாடிதான். மெல்லத் தூக்குங்கோ" என்றேன்.

உள்ளே எல்லாம் பால் காய்ச்சின நாளில் இருந்தபடியே இருந்தது. கதிரைகளுக்குக் கடையில் போட்ட பிளாஸ்டிக் உறை இன்னும் கழற்றப்படவில்லை. அக்காவை ஒன்றில் மெல்ல இருத்தினோம். இருந்த உடனே முன்னுக்கு வழுக்கினார். நாங்கள் எல்லோரும் பாய்ந்து பிடித்தோம்.

"இந்த றப்பரிலை இருத்தி மற்ற இடுப்பையும் முறிக்கப் போறியளோ?" என்றார். அவர் குரல் திரும்ப வந்ததில் எனக்கு அழுகை வரப் பார்த்தது. கத்திரிக்கோல் எடுத்து ஒரேயொரு கதிரையின் உறையை நானே வெட்டிக் கழற்றினேன்.

அன்றே கனடாவுக்குச் செய்தி போட்டேன். "பிள்ளை, அனுமதி வாறதுக்கு முதல் திறந்திட்டன். பிழை என்னிலைதான்." இரண்டு நீலக் கோடு விழுந்தது, படித்துவிட்டாள். பதில் இல்லை.

அதன்பிறகு நாலு கிழமை. அக்கா நாலு கால் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு சாமியறை வாசலிலிருந்து பல்கனி வரைக்கும் போய் வருவார். முதல் நாள் மூன்று அடி. பிறகு பாதி வழி. பல்கனியில் அண்ணை கதிரை போட்டிருந்து, கடற்கரையால் போகிற ரயில் ஒவ்வொன்றுக்கும் கையில் இருக்கிற மணிக்கூட்டைப் பார்ப்பார். "ஒன்பது நிமிசம் லேட்." அக்கா வந்து சேரும்போது, "இதுவும் லேட்" என்பார். அக்கா ஊன்றுகோலை ஓங்குவார். எதிர்வீட்டிலிருந்து சூப்பு வரும், கஞ்சி வரும், சில நாள் வட்டிலப்பமும் வரும். நான் மட்டும் பழக்கத்தில் என் தண்ணீர்ப் போத்தலோடு போய் நின்றுகொண்டே இருப்பேன். "இரன் பிள்ளை" என்று அக்கா சொன்னாலும் இருக்க மனம் வராது.

ஆறாம் நாள் கனடாக்காரி வீடியோவில் எடுத்தாள். "ஒருக்கா வீட்டைக் காட்டுங்கோ அக்கா." தொலைபேசியைத் திருப்பிக் காட்டினேன். சுவர், யன்னல், சாமியறை. அக்கா நடுக்கூடத்தில் நின்றபடி ஒரு கையை எடுத்து ஆட்டினார். "பிள்ளை, உன்ரை வீட்டிலைதான் நடை பழகுறன். நல்லா இருப்பாய்."

கனடாக்காரி மெதுவாகக் கேட்டாள். "கதிரையின்ரை உறையைக் கழட்டிப்போட்டியளே அக்கா."

"ஓம் பிள்ளை."

அவ்வளவுதான். ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

ஐந்தாம் கிழமை தொடக்கத்தில் லிஃப்ட் ஓடியது. அக்கா ஊன்றுகோலோடு தானே உள்ளே ஏறி, தானே ஆறாம் இலக்கத்தை அமத்தினார். நானும் ஜிந்துப்பிட்டிப் பெண்ணும் கனடா வீட்டை இரண்டு தரம் கழுவினோம். வெட்டின உறையை ஒட்டுநாடா போட்டுக் கதிரையில் திரும்பப் போர்த்துப் பார்த்தேன். "விடுங்கக்கா, வெட்டுன எடம் தெரியத்தான் செய்யும்" என்றாள் அவள்.

அடுத்த கிழமை, கனடாக்காரி சொல்லி அனுப்பினபடி, கொட்டாஞ்சேனையிலிருந்து அவளின் மச்சான் முறையான ஒருவர் திறப்பைத் திருப்பி வாங்க வந்தார். வெள்ளிக்கிழமை தண்ணீர் திறந்துவிடவேண்டும், யன்னல் துடைக்கவேண்டும், குசினிக் குழாயை இறுக்கிப் பூட்டாவிட்டால் ஒழுகும் என்று எல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டே வந்தவர் களைத்துப்போனார்.

"அக்கா, நான் ஒவ்வொரு வெள்ளியும் கொட்டாஞ்சேனையிலை இருந்து பஸ் பிடிச்சு வாறதே? நீங்களே வைச்சிருங்கோவன். மச்சாளுக்குச் சொல்லத் தேவையில்லை."

"தம்பி, அவ உம்மட்டைக் குடுக்கச் சொன்னவ. நான் குடுத்திட்டன்."

ரோசம் என்று நினைத்திருப்பார். ரோசமில்லை. முழங்கால் நோகிறது. ஒருதரம் திறந்துவிட்டுச் சொல்லலாம், சொல்லாமல் வைத்திருக்க என்னால் ஏலாது. இரண்டு நாள் கழித்து லண்டன் வீட்டுக்காரர்களில் ஒருவர் எடுத்து, சிரித்துக்கொண்டே கேட்டார்: "என்ன அக்கா, எங்கடை வீட்டிலையும் ஆரும் குடியிருக்கினமோ?" நானும் சிரித்தேன். வைத்த பிறகு தேத்தண்ணி ஊற்றினேன், குடிக்க மனம் வரவில்லை.

இப்போது ஆணியில் எட்டுக் கோர்வைகள். ஒன்று குறைந்ததில் பாரம் குறைந்ததாகத் தெரியவில்லை.

போன கிழமை ஒரு பின்னேரம் அக்காவும் அண்ணையும் நானும் மரைன் டிரைவ் பக்கம் இறங்கினோம். திரும்பிப் பார்த்தால் எங்கள் தொடர்மாடி முழுசாகத் தெரியும். முதலாம் மாடிப் பல்கனிக் கண்ணாடி மட்டும் உப்புப் படிந்து பால் ஊற்றியதுபோல் இருந்தது.

அக்கா கண்டுவிட்டார். "அந்தக் கொட்டாஞ்சேனைக்காரன் வாறேல்லைப் போலை."

"ஓம் அக்கா. மூண்டு வெள்ளி ஆச்சு."

"உனக்குத் துடைக்கக் கை ஊருதென்ன?"

"ஊருதுதான்."

தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் இருந்த சீமெந்துக் கட்டின்மேல் நான் உட்கார்ந்துவிட்டேன். அன்று காலைதான் சுவிசும் லண்டனும் ஏறி இறங்கியிருந்தேன், இனி ஓர் அடி வைக்க உடம்பில் ஒன்றுமில்லை. அக்கா ஊன்றுகோலைத் திருப்பினார்.

"நீ இரு. நான் அந்த லைற் போஸ்ற் வரைக்கும் போட்டு வாறன்."

பக்கத்தில் இருந்த அண்ணை எழும்பப் பார்த்தார். "நீங்கள் ரெயினைப் பாருங்கோ" என்றுவிட்டு அக்கா தனியே நடந்தார். மெதுவாகத்தான். இரண்டு இடத்தில் நின்றார். விளக்குக் கம்பத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பி எங்களைப் பார்த்தார். அண்ணை மணிக்கூட்டைப் பார்த்தார், ஆனால் லேட் என்று சொல்லவில்லை.