குறிகட்டுவான் கடையில் அம்மா போட்ட புட்டு

2003ஆம் ஆண்டு, தென்மேற்கிலிருந்து வீசுகிற சோளகக் காற்று தொடங்கியிருந்த ஒரு வெள்ளிக்கிழமை, குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் பக்கத்திலிருந்த ஒரு சாப்பாட்டுக் கடையில் இது நடந்தது. நடந்ததை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

1. எங்கள் வீட்டாரும், நான் கல்யாணம் செய்ய விரும்பியவரின் வீட்டாரும் அங்கே முதன்முதலாகச் சந்தித்து மதியம் சாப்பிடுவதாக ஏற்பாடு.
2. நெடுந்தீவிலிருந்து அவர்கள் வரவேண்டிய படகு காற்றினால் மிகவும் பிந்தியது.
3. அவர்கள் வந்து சேர்ந்தபோது எங்களுக்கென்று வைத்திருந்த சோறு இல்லை.
4. அம்மா கடைக்காரரின் குசினிக்குள் சமைக்கப் போனார்.

முதல் மூன்றையும் எப்படியாவது சமாளித்திருக்கலாம். நான்காவதில்தான் எல்லாம் கவிழப் பார்த்தது.

ஏன் கடை என்று நீங்கள் கேட்கலாம். நாங்கள் ஊர்காவற்றுறை, கத்தோலிக்கர், அப்பாவுக்குக் கடற்றொழில். நான் யாழ்ப்பாணத்தில் ஓர் அலுவலகத்தில் படவரைஞராக வேலை செய்தேன். அங்கே தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்தவரைத்தான் விரும்பினேன். அவர் நெடுந்தீவு, சைவக் குடும்பம், மாடும் தோட்டமுமாக வாழ்கிறவர்கள். தகப்பன் இல்லை. தாயாருக்கும் மகனுக்கும் பொறுப்பாக நின்று எல்லாம் பார்த்தவர் தாயாரின் தமையன், அம்மான். இரண்டு வீட்டிலும் கோபம், அழுகை, பேசாமல் இருத்தல் எல்லாம் முடிந்து, ஒருக்கால் நேரே கண்டு கதைப்போம் என்ற அளவுக்கு வந்திருந்தது. அதுவும் ஒருமுறைதான் வருவேன், சரிவராவிட்டால் இனி இந்தக் கதையே எடுக்கக்கூடாது என்று அம்மான் சொல்லி அனுப்பியிருந்தார்.

எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பேசப் போகிற வீட்டில், பேச்சு முடிவாகும்வரை கை நனைக்க மாட்டார்கள். தேத்தண்ணி குடிக்கலாம். சோறு சாப்பிட்டால் சம்மதம் என்று அர்த்தம். கடல் தாண்டி வருகிறவர்களைப் பசியோடு திருப்பி அனுப்ப அம்மாவால் ஏலாது. சாப்பிட அவர்களால் ஏலாது. நாங்கள் அங்கே போனாலும் இதே கதைதான்.

எந்தச் சிக்கலையும் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்ப்பது என் பழக்கம். வீடுதான் சிக்கல் என்றால் வீட்டை எடுத்துவிடலாம். கடை எந்தப் பக்கத்து வீடும் இல்லை. வெள்ளிக்கிழமை அவர்களுக்குச் சைவம். நாங்களும் அன்று சைவமே சாப்பிட்டால் ஒருவர் தட்டை மற்றவர் எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. அப்பாவிடம் சொன்னேன். ஒரு நேரம் நான் மீன் தின்னாவிட்டால் கடல் வற்றிப் போகாது என்றார். சரி என்றுதான் அதற்குக் கருத்து.

தகரக் கூரையும் ஓலைத் தட்டியும் போட்ட சின்னக் கடை அது. உள்ளே மூன்று மேசை, இருக்க நீள வாங்குகள். ஒரு புருசனும் பெண்சாதியும் நடத்தினார்கள். வெள்ளிக்கிழமைகளில் சிவப்பரிசிச் சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, முருங்கையிலை வறை, அப்பளம். அலங்காரம் ஒன்றுமில்லை, ஆனால் வயிறாறச் சாப்பிடலாம். முதல்நாளே சொல்லி வைத்திருந்தேன்.

பஸ்ஸில் வந்து இறங்கியபோதே காற்றின் போக்கைப் பார்த்து அப்பா தலையை ஆட்டினார். இன்றைக்குப் படகு நேரத்துக்கு வராது என்றார். வரவில்லை. நயினாதீவுக்குப் போக வந்த சனமும் துறையிலேயே நின்றுவிட்டது. நின்ற சனம் பசித்தால் எங்கே போகும்? கடையில் சோறு குறைந்துகொண்டே வந்தது. எங்கள் பங்கை மட்டும் கடைக்காரர் மூடி வைத்திருந்தார். பின்னேரம் ஆகிற நேரத்தில் ஒரு குடும்பம் குழந்தைகளோடு வாசலில் வந்து நின்றது. சின்னது பசியில் அழுதது. கடைக்காரர் எங்களைப் பார்த்தார். அம்மா என்னைக் கேட்கவே இல்லை. குடுங்கோ, நாங்கள் பிறகு பார்ப்போம் என்று சொல்லிவிட்டார்.

அதன்பின் அதிக நேரம் போகவில்லை, நெடுந்தீவுப் படகு வந்துவிட்டது.

அவருடைய தாயாரை அவரும் அம்மானும் இரண்டு பக்கமும் பிடித்து இறக்கினார்கள். தாயாரின் சேலை நனைந்து ஒட்டியிருந்தது. வழி முழுவதும் வயிறு புரட்டிச் சத்தி எடுத்திருக்கிறார். விடிய ஒரு தேத்தண்ணியோடு வெளிக்கிட்டவராம். வாங்கில் இருத்தியதும் மேசையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். அம்மானுக்கு உடுப்பு நனைந்ததைவிட முகம்தான் பாரமாக இருந்தது. வறண்ட நெடுந்தீவில் இப்படி நனைக்கிற மழையே பெய்வதில்லை என்று அப்பா பகிடி விட்டுப் பார்த்தார். ஒருவரும் சிரிக்கவில்லை.

கடைக்காரர் தண்ணீர் எடுக்கச் சைக்கிளில் போய்விட்டார். மா இருக்கிறது, புட்டு அவிக்கலாம், ஆனால் தனியாகச் செய்ய நேரமெடுக்கும் என்றார் கடைக்கார அக்கா. அம்மா சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு உள்ளே போனார். தேங்காய் துருவுகிற சத்தமும் சம்பல் இடிக்கிற சத்தமும் கேட்டன. நான் உதவிக்கு எழும்ப, நீ இரு என்று உள்ளிருந்தே சொன்னார்.

ஓலை நீத்துப்பெட்டியில் அவித்த புட்டை ஆவி பறக்கக் கொண்டுவந்து வைத்தார். இடிச்ச சம்பல். சட்டியின் அடியில் மிஞ்சியிருந்த கத்தரிக்காய்க் குழம்பு. வாசலில் தொங்கிய குலையிலிருந்து ஒரு சீப்பு வாழைப்பழம். வைத்ததோடு நிற்கவில்லை. அகப்பையை எடுத்து ஒவ்வொரு தட்டிலும் போடத் தொடங்கினார். முதல் தட்டு அவருடைய தாயாருக்கு.

தாயார் கண்ணைத் திறந்து தட்டைப் பார்த்தார். கையை மடியிலேயே வைத்திருந்தார்.

"கடைச் சாப்பாடு எண்டுதானே எங்களுக்குச் சொன்னவை," என்றார் அம்மான். சத்தமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. வீட்டை எடுத்துவிட்டேன், ஆனால் சமைத்துப் போடுகிற கையை நான் யோசிக்கவில்லை. பெண்ணின் தாய் தன் கையால் சமைத்து, தன் கையால் போட்டால், கூரை யாருடையதாக இருந்தாலென்ன? சாப்பிட்டால் பேசாமலே சம்மதித்த மாதிரி. சாப்பிடாமல் எழும்பினால் எல்லாம் முடிந்தது. நானும் அவரும் ஒருவரையொருவர் பார்த்தோம்.

அம்மாவின் கையில் அகப்பை அப்படியே நின்றது. பிறகு சொன்னார்: "நான் போட்டதுக்கு ஒரு கருத்துமில்லை. பசிக்குச் சாப்பிடுங்கோ. கதை சரிவராட்டிச் சரிவராமல் போகட்டும்."

தாயார் அம்மாவை மேலும் கீழும் பார்த்தார். அம்மாவின் முழங்கைவரை தேங்காய்ப்பூ ஒட்டியிருந்தது.

"நீங்கள் சாப்பிட்டனீங்களோ?"

"இல்லை, இன்னும் இல்லை."

"அப்ப இருங்கோ."

அம்மாவின் கையிலிருந்து அகப்பையை வாங்கினார். வெறும் தட்டொன்றை இழுத்துப் புட்டைப் போட்டார். சம்பலை வைத்தார், குழம்பை விட்டார். அந்தத் தட்டை அம்மாவுக்கு முன்னால் தள்ளினார். எங்களைக் கட்டுப்படுத்துகிற சாப்பாடு என்றால் அது உங்களையும் கட்டுப்படுத்தட்டும் என்பது போல இருந்தது அது.

"தங்கச்சி, யோசிச்சுச் செய்," என்றார் அம்மான்.

"வெறும் வயித்தோட எனக்கு யோசிக்க ஏலாது அண்ணை."

சொல்லிவிட்டு முதல் வாயை வைத்தார். அம்மாவும் வைத்தார். பிறகு நாங்கள் இருவரும். அம்மான் மட்டும் கை கட்டிக்கொண்டு கடலைப் பார்த்தபடி இருந்தார். அப்பா மெதுவாக வாழைப்பழச் சீப்பை அவர் பக்கம் தள்ளினார்.

"இதை ஒருத்தரும் சமைக்கேல்லை. மரத்திலை காய்ச்சது. பயப்படாமல் சாப்பிடுங்கோ."

அம்மான் ஒரு பழத்தை உரித்தார். பழத்தைத் தனியே எவ்வளவு நேரம் சாப்பிடுவது? கொஞ்சப் புட்டைச் சேர்த்துப் பிசைந்தார். கடைசியில் சம்பல் இன்னும் இருக்கிறதா என்று கடைக்கார அக்காவிடம் கேட்டார், அம்மாவிடம் கேட்கவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு கதைத்தோம். தேவாலயமா கோயிலா என்ற இடத்தில் வந்து பேச்சு நின்றது. முடிவொன்றும் எடுக்கவில்லை. காற்று இன்னும் கூடப் போகிறது என்று படகுக்காரர் கூப்பிட, அவர்கள் எழும்பிப் போனார்கள். தாயார் அம்மாவின் கையைப் பிடித்துவிட்டுப் போனார். பஸ்ஸில் அம்மா முழுநேரமும் தன் கையையே நொந்துகொண்டு வந்தார்.

திங்கட்கிழமை அலுவலகத்தில்தான் மிச்சக் கதை எனக்குத் தெரிந்தது. திரும்பிப் போகிற படகில், பாதிக் கடலில் அம்மான் தானாகவே சொன்னாராம்: "என்ன செய்யிறது, திண்ட புட்டைத் திருப்பிக் குடுக்க ஏலாதுதானே."

இரண்டு வருடமாகிறது. எங்கள் கல்யாணம் பதிவுக் கல்யாணமாக நடந்தது. வேலணையில் வாடகை வீட்டில் இருக்கிறோம். தேவாலயமா கோயிலா என்பதற்கு இன்னும் விடையில்லை, பிள்ளை பிறந்தால் அது திரும்பவும் வரும் என்று எனக்குத் தெரியும். அம்மாவும் மாமியும் ஒரே மேசையில் இருந்தால் ஒருவர் தட்டில் மற்றவர்தான் போடுவார், தானாகப் போட்டுக்கொள்ள விடமாட்டார்கள். அம்மான் எங்கள் வீட்டில் இதுவரை கை நனைக்கவில்லை. கடையென்றால் வருவார். அதனால் இடைக்கிடை ஒரு வெள்ளிக்கிழமையில் எல்லோரும் வெளியே ஒரு சின்னக் கடையில் சோறோ புட்டோ சாப்பிடுகிறோம். ஒரே வாங்கில் நெருக்கி இருக்கும்போது, தீராத ஒரு விடயத்தை வைத்துக்கொண்டும் மனிதர் சேர்ந்து வயிறாறச் சாப்பிடலாம் என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் தெரிகிறது. இப்போதைக்கு எங்கள் குடும்பம் அவ்வளவில் இருக்கிறது.