உலகம் அழியும் என்று நான் அடித்த நோட்டீஸ்

நோட்டீஸ் அடித்த மூன்றாம் நாள் காலை, ஆர்.கே.பேட்டை நெசவாளர் ஒருவர் அதைக் கையில் பிடித்தபடி எங்கள் அச்சகத்துக்குள் வந்தார். "இத்த அடிச்சது நீங்கதானுங்களா?" என்றார்.

தொண்ணூறுகளில் நான் திருத்தணியில் ஈய எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டர். உள்ளூர் வாத்தியார் ஒருவர் எழுதிய நாவலை அச்சடித்துக்கொண்டிருந்தோம். சூரியன் இல்லாமல் தனியாகத் திரியும் ஒரு கிரகம் பூமி மீது மோத வருகிற கதை. அதற்கு விளம்பர நோட்டீஸ் கேட்டார். ஆடி மாத நெருக்கடி. முதலாளி, "முருகன் கோயில் கிருத்திகை நோட்டீஸுக்குக் கோத்து வெச்ச பாரம் அப்டியே கீதுபா. நடுவுல மட்டும் மாத்திட்டு ஓட்டு" என்றார். ஓட்டினேன். மேலே வேல் படம் போட்ட பிளாக், 'நிகழும் ஆடி மாதம் 28ஆம் நாள்'. நடுவில் 'பூமி அழிகிறது!' கீழே 'பக்தர்கள் தவறாமல் கலந்துகொள்ளவும்'. 'நாவல்' என்பது பார்டர் ஓரத்தில் பொடி எழுத்தில். உலக அழிவுக்கு அழைப்பு வைத்த ஒரே அச்சகம் எங்களுடையதுதான். கோயிலே சொன்னதாக ஜனங்கள் நம்பிவிட்டார்கள்.

நெசவாளரின் மனைவிக்குக் கர்ப்பப்பையில் கட்டி. அந்த வாரமே வேலூரில் ஆபரேஷன்.

"எல்லாரும் சாவப் போறோம், புள்ளைங்களோட வூட்லயே இருந்துடறேன்னு குந்திகினு கீறா. இந்தத் தேதி போனா ரெண்டு மாசம் ஆவும்ன்றாரு டாக்டரு. அதுவரிக்கும் தாங்குமான்னு தெரிலீங்க."

"வெறும் கதைங்க அது!"

"நானும் சொல்லிப் பாத்துட்டேன். அச்சுல வந்தது பொய்யாவுமான்றா."

நாவலைக் காட்டலாமென்றால், கடைசி அத்தியாயத்தில் வாத்தியார் பூமியைத் தூளாக்கியிருந்தார். நானே ஒரு கடைசிப் பக்கம் எழுத்துக் கோத்தேன். கிரகம் பக்கத்தில் வந்து விலகிப் போய்விடுகிறது; மறுநாள் எல்லோரும் வேலைக்குப் போகிறார்கள். பக்க எண்கூடப் போட்டேன். ஒரே ஒரு தாள் அடித்து எடுத்துக்கொண்டு அவரோடு பஸ் ஏறினேன்.

அந்த அம்மா தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதை இரண்டு முறை படித்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு பையில் புடவைகளை எடுத்து வைக்க ஆரம்பித்தார்.

இன்று கம்ப்யூட்டரில் பழைய ஃபைலைத் திறந்து நடுவில் மட்டும் மாற்றுகிற தம்பிகளுக்குச் சொல்கிறேன். அச்சுக்குப் போகும் முன், தெருவில் அதை வாங்குகிறவராக மேலிருந்து கீழ்வரை ஒருமுறை படியுங்கள். நான் படிக்காததால் ஓர் உயிர் போயிருக்கும்.

தை மாதம் அந்த அம்மா மலைக் கோயிலுக்கு வந்துவிட்டு, பிரசாதத்தோடு அச்சகத்துக்கு வந்தார். நாவலை வாங்கி முழுசாகப் படித்துவிட்டாராம். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"அன்னிக்கே தெரியுங்க," என்றார். "நீங்க குடுத்த தாள்ல மை காயவேயில்ல, வெரல்லாம் ஒட்டிக்கிச்சி. எனுக்காவ ஒர்த்தரு வேலைய வுட்டுட்டு அடிச்சிகினு வந்துகீறாரேன்னுதான் பொறப்பட்டேன்."